தோப்பிலிருந்து ஓடியவர்: சேலம் அருகே ஒரு கிணற்று மரணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துத் தோப்பில் பணம் வைத்துச் சீட்டாடிய ஆறு பேரைப் பிடிக்கப் போலீஸ் போனது. நான்கு பேர் பிடிபட்டார்கள், இரண்டு பேர் ஓடினார்கள். ஓடியவர்களில் ஒருவரை மறுநாள் கிணற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். அவருடைய மனைவிக்காக ஆஜரான வழக்கறிஞர் நான். அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊர், நாள், சில சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையும் ஆவணங்களில் இருந்ததும் அப்படியே இருக்கின்றன. சம்பவம் 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் வருவதற்கு முன் நடந்தது என்பதால் பழைய சட்டத்தின் பிரிவு எண்களையே பயன்படுத்துகிறேன்.

"போலீசைக் கண்டு ஓடியவர் கிணற்றில் விழுந்து பலி" என்ற செய்தி தமிழ்நாட்டில் நாளிதழ் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. உள்பக்கத்தில் நான்கு வரியில் வரும். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் எந்த அலுவலகப் படி ஏறியது, யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது வருவதில்லை. இதைப் பதிவு செய்ய அது ஒரு காரணம். இன்னொன்று, ஓடியது யார் குற்றம் என்ற ஒரே கேள்வியில் எல்லோரும் நின்றுவிடுவது. இந்த வழக்கில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருந்தது.

பின்னணி

இறந்தவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்தவர். வயது முப்பத்தைந்துக்குள். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை வாரக் கூலி கைக்கு வரும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊருக்கு வெளியே ஒரு பாக்குத் தோப்பில் ஏழெட்டுப் பேர் கூடி வெட்டுச் சீட்டு ஆடுவது பல மாதமாக நடந்துவந்தது. ஊருக்கே தெரியும். மனைவிக்கும் தெரியும், சண்டையும் போட்டிருக்கிறார். இறந்தவர் மேல் பழைய வழக்கு எதுவும் கிடையாது.

தோப்புக்கு ஒரு பக்கம் வண்டிப்பாதை. இன்னொரு பக்கம் ஆளுயரக் குச்சிக்கிழங்குக் காடு. மூன்றாவது பக்கம் கிணறு. பாறையை வெட்டித் தோண்டிய சதுரக் கிணறு, ஐம்பதடிக்கு மேல் ஆழம், சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்பு வரை புல் வளர்ந்து, பகலிலேயே கவனமாக நடக்க வேண்டிய இடம். மழைக்காலம் முடிந்த சமயம் என்பதால் மேலிருந்து இருபது இருபத்தைந்தடியில் தண்ணீர் நின்றது. பக்கத்திலேயே மோட்டார் கொட்டகை.

சீட்டாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் பொருந்துவது 1930-ம் வருடத்துச் சூதாட்டச் சட்டம். பிடிபட்ட நான்கு பேரும் அன்று இரவே ஸ்டேஷன் ஜாமீனில் வீட்டுக்குப் போனார்கள். பிறகு கோர்ட்டில் ஆளுக்குச் சில நூறு ரூபாய் அபராதம் கட்டினார்கள். ஒருவர் உயிர் போன அந்த இரவில் போலீஸ் பிடிக்கப் போன குற்றத்தின் கனம் அவ்வளவுதான்.

அன்று இரவு

போலீஸ் தரப்பில் நான்கு பேர்: ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இரண்டு காவலர்கள். ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு வண்டிப்பாதை வழியாக டார்ச்சோடு நடந்து வந்தார்கள். ஏழு மணி தாண்டியிருந்தது, நல்ல இருட்டு. வருகிற பாதையை அவர்களே அடைத்துக்கொண்டு வந்ததால், ஓட நினைப்பவனுக்கு மிச்சம் இருந்தது கிழங்குக் காடும் கிணற்றுப் பக்கமும்தான்.

"போலீஸ்டா" என்று யாரோ கத்த, ஆறு பேரும் எழுந்தார்கள். நால்வரைப் பிடித்துவிட்டார்கள். ஒருவர் கிழங்குக் காட்டுக்குள் புகுந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றி வீடு போய்ச் சேர்ந்தார். இவர் கிணற்றுப் பக்கம் ஓடினார். ஒரு காவலர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிட்டார். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு அடுத்த சில நிமிடத்தில்தான். பிடிபட்ட நால்வரில் மூன்று பேர், தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாகப் பின்னால் விசாரணையில் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் ஏட்டிடம், "ஐயா, கிணத்துல ஆள் விழுந்த மாதிரி இருக்குதுங்க" என்று சொன்னதாகவும், "நீச்சல் தெரிஞ்சவன்தானே, ஏறி வந்துருவான். நீ பேசாம உக்காரு" என்று பதில் வந்ததாகவும் சாட்சியம். அப்படி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார் ஏட்டு. சத்தம் கேட்டது, கிணற்றில் டார்ச் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை என்றார் எஸ்.ஐ. பின்னாலேயே போய்த் திரும்பிய காவலர் மட்டும், சத்தம் கேட்டதாகவும் கல் சரிந்திருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னார். ஒரே குழுவில் மூன்று பேர், மூன்று விதமான பதில்.

நால்வரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போலீஸ் கிளம்பியது. எட்டரை மணிக்கு மேல் இறந்தவரின் மச்சான் ஸ்டேஷனுக்குப் போனார். வாசலில் மாமாவின் பைக் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே கேட்டார். "உங்க மாமன் ஓடிட்டான். காலையில வந்து சரண்டர் ஆகச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்கள். மச்சான் அதை நம்பினார். எங்காவது ஒளிந்திருப்பார், பயம் தெளிந்ததும் வருவார் என்று வீட்டிலும் நினைத்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தால்தான் இரவு முழுக்க யாரும் தோப்புப் பக்கம் தேடப் போகவில்லை.

மறுநாள்

காலையில் மோட்டார் போட வந்த தோட்டக்காரர் கிணற்று விளிம்பில் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். புல் சரிந்து மண் பெயர்ந்திருந்தது. ஊர் கூடியது. தீயணைப்பு வீரர்கள் வந்து பாதாளக் கரண்டி போட்டு, பதினோரு மணிவாக்கில் உடலை எடுத்தார்கள்.

அதே ஸ்டேஷனில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 174-ன் கீழ் சந்தேக மரணம் என்று எப்.ஐ.ஆர். பதிவானது. யாருடைய நடவடிக்கை கேள்விக்கு ஆளாகிறதோ அவர்களே விசாரணை அதிகாரி. உறவினர்கள் உடலை வாங்க மறுத்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ்தான் அடித்துக் கிணற்றில் தள்ளியது, கொலை வழக்குப் போடு என்பது கோரிக்கை. அன்று மாலைதான் மனைவியும் மச்சானும் என்னிடம் வந்தார்கள்.

முதல் வேலையாக மூன்று மனுக்கள் கொடுத்தோம். ஒன்று, மாவட்ட எஸ்.பி.க்கு: விசாரணையை வேறு அதிகாரியிடம் கொடுங்கள். இரண்டு, மருத்துவமனைக்கு: உடற்கூராய்வை வீடியோ எடுங்கள், உறவினர் ஒருவரை உடலைப் பார்க்க விடுங்கள், எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் சோதனை செய்யுங்கள். தண்ணீரில் வாழும் நுண்பாசிதான் டயாட்டம். மூச்சோடு இருந்த ஆள் தண்ணீரை இழுத்தால்தான் அது ரத்தம் வழியாக மஜ்ஜை வரை போகும். இறந்த உடலைக் கிணற்றில் போட்டிருந்தால் பொதுவாகப் போகாது. மூன்று, வருவாய் கோட்டாட்சியருக்கு: காவல் நிலையாணை 151-ன்படி விசாரணை நடத்துங்கள். போலீஸ் நடவடிக்கையால் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்டதாகப் புகார் வந்தால் வருவாய்த் துறை விசாரிக்க வழி செய்யும் ஆணை அது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

பிரிவு 176(1அ) கேட்கும் நீதித்துறை நடுவர் விசாரணையை நான் வற்புறுத்தவில்லை. அது காவலில் இருக்கும்போது நிகழும் மரணத்துக்கு. பிரிவு 46-ன்படி ஆளைத் தொட்டோ அடைத்தோ வைத்தால், அல்லது அவரே காவலுக்குப் பணிந்தால்தான் கைது. இவரை யாரும் தொடவில்லை, இவரும் பணியவில்லை. இல்லாத காவலை இருந்ததாக வாதாடி முதல் படியிலேயே தோற்பதைவிட, நிற்கிற வழியில் போவது நல்லது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் கோட்டாட்சியர் விசாரணைக்கு உத்தரவானது. உடலை வாங்கினார்கள்.

மகஜரில் இருந்தது

சூதாட்ட வழக்கின் ஆவணங்களுக்கு நகல் மனு போட்டோம். வந்தவை நான்கு: எப்.ஐ.ஆர்., கைப்பற்றிய பொருட்களைச் சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் மகஜர், சம்பவ இடத்தை விவரிக்கும் பார்வை மகஜர், அதோடு எஸ்.ஐ. கைப்பட வரைந்த மாதிரி வரைபடம். இந்த வழக்கின் பாதி அந்தத் தாள்களிலேயே முடிந்துவிட்டது.

பறிமுதல் மகஜரில் சீட்டுக்கட்டு ஒன்று, ரொக்கம், பிளாஸ்டிக் பாய் ஒன்று, இருசக்கர வாகனம் ஆறு. வண்டி நம்பர்களும் இருந்தன. எப்.ஐ.ஆரில், "மேலும் இருவர் இருளைப் பயன்படுத்தித் தப்பி ஓடிவிட்டனர்" என்று ஒரு வரி. அதாவது ஆறு பேர் இருந்தார்கள், இருவர் கணக்கில் வரவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்திருக்கிறது. மகஜர் எழுதிய நேரம் 7.40 முதல் 8.05 வரை என்று கீழே கையெழுத்தோடு போட்டிருந்தார்கள். எழுதிய இடம், தோப்பின் நடுவில் பாய் விரித்திருந்த அதே இடம்.

அப்புறம் வரைபடம். வண்டிப்பாதை, பாக்கு மரங்கள், பாய் இருந்த இடம், கிழங்குக் காடு. வலது மூலையில் ஒரு சதுரம் போட்டு உள்ளே 'கிணறு' என்று எழுதியிருந்தார் எஸ்.ஐ. பாய்க்கும் கிணற்றுக்கும் நடுவே தூரத்தையும் குறித்திருந்தார்: சுமார் 30 அடி.

அந்த நால்வரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆள் ஓடிய திசை தெரியும், அந்தத் திசையில் கிணறு இருப்பது தெரியும், சத்தம் கேட்டதாக அவர்களில் இருவரே ஒத்துக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் இருபத்தைந்து நிமிடம் கிணற்றிலிருந்து முப்பதடியில் உட்கார்ந்து சீட்டுக்கட்டையும் பாயையும் எழுதியிருக்கிறார்கள். மோட்டார் கொட்டகையில் கயிறு இருந்தது என்று தோட்டக்காரர் சொன்னார். பிடிபட்டவர்களில் இருவருக்கு நல்ல நீச்சல் தெரியும். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. போயிருந்தால் வண்டி வந்து சேர அரை மணி நேரம் ஆகியிருக்கலாம். ஆனால் கயிறும் நீச்சல்காரர்களும் அங்கேயே இருந்தார்கள்.

உடற்கூராய்வு

உறவினர்கள் நினைத்தது போல லத்தி அடித்த தடம் உடலில் இல்லை. பின்மண்டையில் தோல் உரிந்திருந்தது, ஆனால் மண்டையோடு உடையவில்லை, மூளையில் ரத்தக்கசிவும் இல்லை. வலது கணுக்கால் முறிந்திருந்தது. மூச்சுக்குழாயில் நுரை, நுரையீரலில் நீர். மஜ்ஜையில் டயாட்டம் இருந்தது. குடித்திருந்தார், ஆனால் நிதானம் தவறும் அளவுக்கு இல்லை.

இதற்கு மேல் ஒன்று. பத்து விரல் நகங்களுக்குள்ளும் பாசியும் செம்மண்ணும் அடைந்திருந்தன. மூன்று விரல்களில் நகம் பிய்ந்திருந்தது. வலது கை இறுக மூடியிருந்தது, அதைப் பிரித்தபோது உள்ளே பாசியோடு கொஞ்சம் புல்வேர்.

சாகும் கணத்தில் எதையாவது பற்றியிருந்தால் கை அப்படியே இறுகிப்போவதுண்டு என்றும், தண்ணீரில் உயிரோடு போராடியதற்கு அது நம்பகமான அடையாளம் என்றும் மருத்துவர் விசாரணையில் விளக்கினார். விழுந்த வேகத்தில் செத்தாரா என்று கோட்டாட்சியர் கேட்டார். இல்லை என்றார். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்று நான் கேட்டேன். நிமிடக் கணக்குச் சொல்ல முடியாது, ஆனால் பாறையைப் பிடித்து ஏறப் பலமுறை முயன்றிருக்கிறார் என்றார். சின்ன வயதில் அதே ஊர்க் கிணறுகளில் நீந்திப் பழகியவர் இறந்தவர். கணுக்கால் முறிந்தவருக்கு நீச்சல் எவ்வளவு நேரம் கைகொடுக்கும் என்பதை வாசகரே நினைத்துப் பார்க்கலாம்.

எந்தக் குற்றச்சாட்டை வைப்பது

அறிக்கை வந்த அன்று என் அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம். போலீஸ் தள்ளிவிட்டது என்றே மனு போடச் சொன்னார்கள் உடன் வந்த அமைப்புக்காரர்கள். கூட்டம் அதற்குத்தான் சேரும், பேப்பரில் அதுதான் வரும் என்றார்கள். அப்படிப் போட முடியாது என்றேன். அடித்த காயம் இல்லை, தள்ளியதைப் பார்த்த சாட்சி இல்லை, பிடிபட்ட நால்வரே தள்ளியதாகச் சொல்லவில்லை. நிரூபிக்க முடியாத கொலையைச் சொன்னால், நிரூபிக்க முடிகிற அலட்சியமும் அதோடு சேர்ந்து மூழ்கிவிடும்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது இது: "சார், அவர் சீட்டாடப் போனது தப்பு. ஓடினதும் தப்பு. கிணத்துல விழுந்தவரை எட்டிப் பார்க்காம வந்தது யார் தப்புன்னு மட்டும் கேளுங்க." வழக்கின் வடிவத்தை அவர்தான் முடிவு செய்தார். அமைப்புக்காரர்களில் சிலர் அன்றோடு விலகிவிட்டார்கள். உறவினர் ஒருவர் வேறு வழக்கறிஞர் மூலம் கொலைப் பிரிவுக்கு மாற்றக் கோரி மனு போட்டார், அது தள்ளுபடியானது.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 304அ-வையும் யோசித்தோம். அதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. கவனக்குறைவு இருந்தால் மட்டும் போதாது, அதுவே மரணத்துக்கு நேரடியான, உடனடிக் காரணமாக இருக்க வேண்டும் என்று குர்பான் ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளில் சொன்னது இன்றும் நிற்கிறது. கயிறு போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவது வேறு, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது வேறு. அரசு ஊழியர் மேல் வழக்குத் தொடரக் குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 197 கேட்கும் அரசின் முன் அனுமதிப் பிரச்சினையும் வரும். இழப்பீடும் துறை நடவடிக்கையும் கேட்கும் வழியைத் தேர்ந்தெடுத்து மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போனோம்.

இழப்பீட்டுக்கு நாங்கள் முதலில் எடுத்து வைத்தது 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த நீலாபதி பெஹரா வழக்கு. ஒரிசாவில் போலீஸ் பிடித்துப் போன 22 வயது இளைஞனின் உடல் மறுநாள் ரயில் பாதையில் கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசு தன் இறையாண்மையைக் காட்டி இழப்பீட்டிலிருந்து நழுவ முடியாது என்பதை நிலைநாட்டிய தீர்ப்பு அது. எங்கள் வழக்கு அதே மாதிரி அல்ல, இவர் உண்மையிலேயே ஓடினார். அந்த வித்தியாசத்தை மனுவில் நாங்களே எழுதினோம். எதிர்த்தரப்பு எடுத்துச் சொல்லும் வரை காத்திருப்பதில் லாபம் இல்லை.

ஓடியவரின் பொறுப்பு

அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது. நின்றிருந்தால் முந்நூறு ரூபாய் அபராதத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். யாரும் தள்ளவில்லை. பழகிய இடத்தில் இருட்டில் கண்மண் தெரியாமல் ஓடியது அவர் முடிவு. ஊரிலும் பாதிப் பேர் இதையேதான் சொன்னார்கள், இறந்தவரின் சொந்தச் சித்தப்பா உட்பட.

இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஓடுவதா நிற்பதா என்பதை அவர்தான் முடிவு செய்தார். அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கிப் போலீஸ் தலையில் வைப்பது நியாயமில்லை.

ஆனால் ஏன் ஓடினார் என்று கேட்காமல் அந்தப் பேச்சை முடிக்க முடியாது. கிழங்குக் காட்டுக்குள் ஓடித் தப்பியவரிடம் கோட்டாட்சியர் இதைக் கேட்டார். "அடிப்பாங்கன்னு பயம்தானுங்க" என்றார் அவர். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. 2021 ஜூனில் இதே சேலம் மாவட்டத்தில் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் போலீஸ் தாக்கியதில் ஒருவர் இறந்தார், சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் கைதானார். எங்கள் சம்பவம் அதற்குச் சில மாதம் பிந்தியது. பைக் ஸ்டேஷனில் கிடந்து துருப்பிடிக்கும், பெயர் பேப்பரில் வரும், பட்டறையில் வேலை போகும் என்ற பயங்களும் சேர்ந்துகொள்ளும். பிடித்தால் சட்டப்படிதான் நடத்துவார்கள் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் முந்நூறு ரூபாய்க்காக யாரும் இருட்டில் கிணற்றுப் பக்கம் ஓட மாட்டார்கள்.

இன்னொன்று, பொறுப்பு ஒரே சமயத்தில் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1842-ல் இங்கிலாந்தில் டேவிஸ் எதிர் மான் என்று ஒரு வழக்கு. ஒருவர் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டிப் பொது ரோட்டில் மேயவிட்டார். வேகமாக வந்த வண்டி அதை ஏற்றிக் கொன்றது. கழுதையை ரோட்டில் விட்டது உரிமையாளரின் தப்புதான், ஆனாலும் கொஞ்சம் கவனித்து ஓட்டியிருந்தால் வண்டிக்காரர் அதைத் தவிர்த்திருக்கலாம் என்று வண்டிக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். விபத்தைத் தவிர்க்கும் கடைசி வாய்ப்பு யார் கையில் இருந்தது என்பதுதான் அங்கே கேள்வி. இன்று நீதிமன்றங்கள் அந்த விதியை அப்படியே பயன்படுத்துவதில்லை, இரு தரப்பின் பங்கையும் அளந்து இழப்பீட்டைக் குறைக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் எங்கள் வழக்கில் அந்த இரவு இரண்டாகப் பிரிகிறது. விளிம்பு வரை அவர் பொறுப்பு. தண்ணீரில் விழுந்த பிறகு அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. கணுக்கால் முறிந்து பாறையைப் பிறாண்டிக்கொண்டிருந்தவருக்கு எதிரே, டார்ச்சும் ஜீப்பும் அதிகாரமும், கொட்டகையில் எட்டும் தூரத்தில் கயிறும் இருந்த நான்கு பேர் முப்பதடியில் இருந்தார்கள்.

விசாரணைகளும் முடிவும்

கோட்டாட்சியர் அறிக்கை பல மாதம் கழித்து வந்தது. தாக்கியதற்கோ தள்ளியதற்கோ ஆதாரமில்லை. ஆனால் ஓடியவர்களைத் தேடாததும், கிணற்றைச் சரியாகப் பார்க்காததும், தீயணைப்புத் துறைக்குச் சொல்லாததும், வீட்டார் கேட்டபோதும் தேட முயலாததும் கடமை தவறியவை என்று எழுதினார். துறை நடவடிக்கையில் எஸ்.ஐ.க்கு ஊதிய உயர்வு நிறுத்தம், ஏட்டுக்குக் கண்டனம். இரண்டு காவலர்கள் மேல் நடவடிக்கை இல்லை. பின்னாலேயே போன காவலர் சத்தம் கேட்டதை மறைக்காமல் சொன்னார். அதற்குத் துணிவு வேண்டும், அதை மதிக்கிறேன்.

மனித உரிமை ஆணையத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பகுதியை எஸ்.ஐ.யிடமும் ஏட்டிடமும் வசூலிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இறந்தவரும் தன் பங்குக்கு அபாயத்தைத் தேடிக்கொண்டார் என்பதைக் கணக்கில் எடுத்தே தொகை நிர்ணயித்ததாக உத்தரவில் இருந்தது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருந்தது எங்களுக்குக் கைகொடுத்தது. பணம் வந்தது. பெரும்பகுதியைப் பிள்ளைகள் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டார் தாய்.

1855-ம் வருட உயிர்விபத்துச் சட்டப்படி சிவில் வழக்கும் போட்டிருக்கலாம். அதற்கு இறந்த நாளிலிருந்து இரண்டு வருடக் கெடு. இன்னொரு கோர்ட்டுக்கு அலைய முடியாது என்று மனைவி வேண்டாம் என்றார்.

மாற வேண்டியவை

பைக்குகளை எண்ணிய நேரத்தில் ஆட்களையும் எண்ணியிருக்க வேண்டும். முதலில் மாற வேண்டியது அதுதான். தோப்பு, கல்குவாரி, ஏரிக்கரை போன்ற இடங்களுக்கு இரவில் ரெய்டு போகுமுன், ஓடுகிறவன் எந்தப் பக்கம் ஓடுவான், அங்கே என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் ஒருவரை முன்கூட்டியே நிறுத்தியிருந்தால் அவரும் பிடிபட்டிருப்பார், உயிரோடு. பகலில் போயிருந்தால் இன்னும் நல்லது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே அங்கே சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது.

சின்னக் குற்றத்துக்குத் துரத்தலாமா என்பதே பெரிய கேள்வி. ஹெல்மெட் போடாதவர்களைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, கேமரா போன்ற வசதிகளைப் பயன்படுத்துங்கள் என்று 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் திருச்சி துவாக்குடி பக்கம், நிற்காமல் போன பைக்கைத் துரத்திய போலீஸ் அதிகாரி எட்டி உதைத்ததில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் இறந்தார். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி ஒரு துரத்தல் நடந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வண்டி நம்பர் கையில் இருக்கும்போது ஆளை நாளைக்கு வீட்டில் பிடிக்கலாம். ஆறு பைக்கின் நம்பரும் அன்று மகஜரில் இருந்தன.

போலீஸ் தரப்பின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு இத்தனை சூதாட்ட வழக்கு என்று மேலிருந்து கேட்கிறார்கள். ஜீப்பில் நல்ல விளக்கு கிடையாது, கயிறு கிடையாது. எஸ்.ஐ. விசாரணையில் இதைச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. இரவு ரெய்டுக்குப் போகும் வண்டியில் ஒரு நூறடிக் கயிறும் பெரிய டார்ச்சும் வைக்கச் சொல்ல அரசாணை தேவையில்லை.

இப்படி ஒரு மரணத்தில் சிக்கும் குடும்பங்களுக்கு: உடற்கூராய்வு முடியுமுன் டயாட்டம் சோதனையும் வீடியோவும் எழுத்தில் கேளுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை. மூல வழக்கின் மகஜரையும் வரைபடத்தையும் வாங்குங்கள், மரண வழக்கின் தாள்களைவிட அவை அதிகம் பேசும். கோட்டாட்சியரிடம் நிலையாணை 151-ஐச் சொல்லிக் கேளுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் போனால் ஆணையம் விசாரிக்க முடியாது.

கோட்டாட்சியரின் அறிக்கைக்குப் பிறகு மாவட்ட எஸ்.பி.க்கு நாங்கள் ஒரு மனு கொடுத்தோம். ரெய்டு முடிந்து ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதும்போது ஓடியவர்கள் எத்தனை பேர், எந்தத் திசை, அந்தத் திசையில் நீர்நிலையோ பள்ளமோ உண்டா, தேடியது யார், எத்தனை மணி வரை என்ற ஐந்து விவரமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. மனு பெற்றுக்கொள்ளப்பட்டது, உத்தரவு இன்னும் வரவில்லை. அடுத்து அதை மாநிலக் காவல்துறைத் தலைமைக்கு அனுப்புகிறோம்.